மாமாவுக்கு மூச்சு வாங்காத நாட்கள்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு, ஆனால் அந்த இடம் இப்போது இல்லை, இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டால் அங்கே வந்து சேரும்போது உங்கள் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது, ஆகையால் பூசைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதரைப் போல உதட்டை இறுக்கி, புருவத்தை இறக்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேளுங்கள். நானும் சிரிக்காமல்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் கஷ்டம்தான், ஏனென்றால் சொல்லச் சொல்ல என் சவரிராயன் மாமாவின் முகம் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் ஒரு சாலை, அந்தச் சாலையில் விடியும்போது ஓடுவதற்கென்று உப்புக்காற்று ஓட்டக் குழு என்று ஒரு குழு. அதில் மருந்துக்கடை பாரூக் அண்ணாச்சி உண்டு, எங்கள் பள்ளியில் தமிழ் எடுக்கிற சொர்ணம் டீச்சர் உண்டு, என் அம்மா உண்டு, அம்மாவுக்கு வால் போல நான் உண்டு. குழுவுக்குத் தலைவர் என்று யாரையும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, அதனால் சவரிராயன் மாமாவே தலைவராக இருந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், அம்மாவுக்கு நேர் மூத்த அண்ணன், பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கிய காலத்திலிருந்தே அம்மாவைவிடத் தான் எவ்வளவு கூடுதல் என்று ஊருக்குச் சொல்லியே வளர்ந்தவர்.

மாமாவின் இடது மணிக்கட்டில் ஒரு வாட்ச் உண்டு. மணி காட்டுவது அதன் வேலைகளிலேயே கடைசி வேலை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், இதயம் எப்படி, தூக்கம் எப்படி, நேற்றைக்கு இன்றைக்கு எப்படி, அடுத்தவனுக்கு உனக்கு எப்படி என்று எல்லாம் அதற்குத் தெரியும், தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்யும். 'ஒரு கிலோமீட்டர் நிறைவடைந்தது. உங்கள் வேகம் சிறப்பானது' என்று, மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம், மனசால் கொஞ்சமும் இல்லாமல், ரயில் வருகையை அறிவிக்கிற ஸ்டேஷன் குரலைப் போலச் சொல்லும். மற்றவர்கள் இதையெல்லாம் காதில் செருகிக்கொண்டு ரகசியமாகக் கேட்பார்கள். மாமா தன் பெருமை தனக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைக்கிற ஆள் இல்லை. ஓடி முடித்ததும் எல்லாரும் காலை நீட்டி உட்காருவார்கள், மாமா மணிக்கட்டை நீட்டி உட்காருவார். அதோடு விடமாட்டார், ஞாயிற்றுக்கிழமைதோறும் குழுவின் வாட்ஸப்பில் யார் முதல், யார் கடைசி என்று போடுவார். முதலில் அவர். கடைசியில் என் அம்மா, பெயருக்குப் பக்கத்தில் கைகூப்பிய ஒரு பொம்மையோடு.

அம்மாவின் பெயர் அமலி. தபாலாபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவள். ஓடும்போதுதான் தனக்கு இரண்டு கால் இருக்கிற ஞாபகமே வருகிறது என்பாள். மாமா வாட்சைப் பார்த்து ஓடுவார், அம்மா உப்பளத்துக் கொக்குகளைப் பார்த்து, குவித்து வைத்திருக்கிற உப்பைப் பார்த்து, எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் யார் வீட்டு ஆள் என்று பார்த்து ஓடுவாள். பாதி வழியில் மூச்சு வாங்கி எங்கேயாவது உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்த இடத்திலிருந்து அசடு வழியக் கையாட்டுவாள். இரண்டு வருஷமாகக் குழுவின் ஆண்டு ஓட்டத்திலும் அப்படித்தான் ஆனது.

இப்படி இருக்கையில் ஒரு ராத்திரி கச்சான் அடித்தது. மேற்கேயிருந்து வறண்டு வருகிற அந்தக் காற்று எங்கள் ஊருக்குப் புதிதில்லை, ஓலையைப் பிய்க்கும், துணியைக் கொண்டுபோகும், உப்பில் தூசியைக் கலக்கும், விடியும்போது அடங்கிவிடும். அன்றைக்கும் விடியும்போது அடங்கியது. ஆனால் அன்றைக்குக் காலையில் ஓடியவர்கள் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று எல்லாரும்தான் சொல்கிறோம், யாரிடமிருந்து வாங்குகிறோம், யாருக்கு வாங்குகிறது என்று எங்கள் ஊரில் அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்கவேண்டி வந்தது. சொர்ணம் டீச்சர் பாலத்தில் ஏறும்போது, ஊருக்குள் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த இசக்கி மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. பாங்கில் வேலை பார்க்கிற ஒருவர் வேகம் கூட்டியபோது, மாதா கோயிலில் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த பங்குச் சாமியாருக்கு வாங்கியது. பாரூக் அண்ணாச்சி ஓடியபோது, கறிக்கடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஒரு கிடாய் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைத்தது. ஓடுகிறவர்களோ கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் போல, நெஞ்சு ஏறாமல் இறங்காமல், பேசிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் இரண்டு நாள் டாக்டரிடம் போனார்கள். டாக்டருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் வந்துவிட்டார்கள். பிறகு பழகிவிட்டார்கள். இசக்கி மாஸ்டர் டீச்சர் மூச்சின் தாளத்துக்கே மாவை அடிக்கப் பழகி, பரோட்டா என்றைக்கும் இல்லாதபடி அடுக்கு அடுக்காக வந்து, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. சாமியாருக்கு நரகத்தைப் பற்றிச் சொல்லும்போது மூச்சு வாங்கியதில், 'அங்கே... ஹா... நெருப்பு... ஹா...' என்று அவர் கையைக் கையை ஆட்டியதில், கண்ணால் பார்த்துவிட்டு இப்போதுதான் ஓடி வந்திருக்கிறார் என்று சனங்கள் நினைத்து, பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பல வருஷம் ஆனவர்கள்கூட வரிசையில் நின்றார்கள், சாமியாரும் அந்த பாங்குக்காரரிடம் தவக்காலம் முடிகிறவரை ஓட்டத்தை நிறுத்திவிடவேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொண்டார். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார், உள்ளே இருக்கிற மூச்சு யாருடையது என்று தெரியாமல் எப்படி அறுப்பது என்பது அவர் கேள்வி. பாரூக் அண்ணாச்சி கிடாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், காலையில் தன்னோடு ஓட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு வந்தார், மூச்சு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டுமே என்று.

ஓடுகிறவரின் மூச்சு வீட்டில் இருப்பவரிடமே வந்து சேர்ந்த வீடுகளுக்கு ஒரு வசதியும் கிடைத்தது. அந்த மூச்சை வைத்தே ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். இது ஏத்தத்தில் வாங்குகிற மூச்சு, பாலத்தில் இருக்கிறார், இது இறக்கம், இது நின்று தண்ணீர் குடிக்கிறார், இனி இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றலாம். ஒரு வீட்டுப் புருஷனின் மூச்சு அவர் பெண்டாட்டியிடம் வராமல் எதிர்வீட்டு அக்காவிடம் போய்ச் சேர்ந்ததில் வந்த வம்பு வழக்கை நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் இங்கேயே சிரித்துவிடுவீர்கள்.

வாட்சுகள்தான் பாவம். மணிக்கட்டு ஓடுகிறது, இதயம் தூங்குகிறது, அவற்றுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கு நல்லிரவு என்று ஓடுகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தன. யார் கஷ்டப்பட்டு ஓடினார், யார் சும்மா ஓடினார் என்று ஒப்பிட வழியில்லாமல் போனதில் குழுவே கொஞ்சம் திகைத்து நின்றது. சவரிராயன் மாமா ஒருவர்தான் திகைக்கவில்லை. அவர் அன்றைக்குத் தன் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினார், ஒரு சொட்டு மூச்சு வாங்கவில்லை, வாட்ச் அவருடைய இதயம் ஞானியின் இதயம்போல அடிப்பதாகச் சொன்னது, மாமா அதைப் படம் பிடித்துப் போட்டு, கீழே 'விடாமுயற்சி, பீட்ரூட் ஜூஸ்' என்று எழுதினார்.

அவர் மூச்சு அம்மாவிடம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. லீவு நாளில் அம்மா கிரைண்டருக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பாள், திடீரென்று மேலும் கீழும் வாங்க ஆரம்பிக்கும், மாடியில் ஏறிப் பார்த்தால் மாமா முக்கில் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார். அவர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தால் அம்மாவுக்கு மூச்சு நிற்கும். கட்டி நிமிர்ந்தால் மறுபடி தொடங்கும். காற்றடித்த அன்றைக்கு ஓட வராமல் வீட்டிலேயே இருந்ததால் அம்மாவின் சொந்த மூச்சும் அவளிடமே தங்கிவிட்டது, அதனால் தானும் ஓடுகிற நேரத்தில் கேட்கவே வேண்டாம், தன் மூச்சு ஒன்று, அண்ணன் மூச்சு ஒன்று என்று சுமந்துகொண்டு, பாலம் வருவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். முன்பாவது பாதி வழி போவாள்.

அம்மா போய் மாமாவிடம் தன்மையாகச் சொன்னாள். நானும் போய்த் தன்மையில்லாமல் சொன்னேன். டைல்ஸ் கடையில் ஒரு பாத்ரூம் டைலை டவலால் துடைத்துக்கொண்டே மாமா வாட்சை எங்கள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"உங்க மூச்செல்லாம் பயிற்சி இல்லாத மூச்சு பிள்ள, அதான் கச்சானுக்குப் பறந்துட்டு. என் மூச்சு எங்கிட்டதான் இருக்கு. மனுசன் பொய் சொல்லுவான், வாட்ச் சொல்லுமா?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கிவிட்டாள். மார்க் விஷயத்திலும் அவள் இப்படித்தான் இறங்கி வந்திருப்பாள்.

பறந்த மூச்சைத் திரும்பப் பெறுகிற வழியைக் கண்டுபிடித்தவர் சொர்ணம் டீச்சர். அவர் மூன்று நாள் யோசித்தார். யோசித்துவிட்டு, கொடுப்பவர் முன்னால் நின்று வாய்திறந்து கேட்டால்தான் அது வாங்குவது, கேட்காமல் எடுத்தால் தமிழில் அதற்கு வேறு சொல் இருக்கிறது என்று வகுப்பில் எங்களிடம் சொன்னார், சொன்ன கையோடு மணியடித்ததும் பரோட்டாக் கடைக்குப் போனார், இசக்கி மாஸ்டரின் முன்னால் ஒரு கை தூரத்தில் நின்று, 'என் மூச்சை நான் வாங்கிக்கிறேன்' என்றார். அவ்வளவுதான். டீச்சருக்கு அத்தனை நாள் ஓட்டத்தின் மூச்சும் ஒரே மூச்சாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சால்னா வாசத்தில் அரைமணி நேரம் இரைத்தார். இசக்கி மாஸ்டருக்குப் பாரம் இறங்கியது, பரோட்டாவும் பழைய பரோட்டா ஆனது.

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போய் வாங்கிக்கொண்டார்கள். ஓடுகிறவர்களுக்கு ஓடியது போலவே இருந்தது. மூச்சில்லாமல் ஓடிய நாட்களில் தூரம் கூடியது, ருசி குறைந்துவிட்டது என்றார்கள், புளியில்லாத குழம்பு மாதிரி என்றார் பாரூக் அண்ணாச்சி. கிடாயிடம் அவரும் கேட்டு வாங்கினார். கிடாய் ஓட்டத்தை மட்டும் விடவில்லை.

கடைசியில் வாங்காமல் மிச்சமிருந்தது இரண்டு பேர். மாமா ஒன்று, நான் ஒன்று. மாமாவுக்குத் தன் மூச்சு போனதே தெரியாது. எனக்கு என் மூச்சு யாரிடம் போனது என்று தெரியாது. தெருவில் மேலும் கீழும் ஓடிப் பார்த்தேன், யாருக்கு வாங்குகிறது என்று வாசல் வாசலாகக் கூட்டாளிகளை நிறுத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட உற்றுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் வாங்கவில்லை. உனக்கா அம்மா என்று கேட்டதற்கு, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். கடலுக்குள் ஏதோ சுறாவிடம் போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மூச்சு வாங்காமல் ஓடுவது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டு ஓட்டம் வந்தது. துறைமுகச் சாலையில் தொடங்கி, உப்பளத்தை ஒட்டிப் போய், மாதா சொரூபம் வைத்த சின்னக் கோயிலான கெபியில் முடியும். மாமா இந்த வருஷம் முதலில் வரப்போவது தானே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தனியாக ஒரு யோசனையும் சொன்னார், ஓட்டம் எல்லாருக்கும் ஒத்துவராது, நடைக்குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் நல்ல நல்ல பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஷூவைக் கழுவிக் காயவைத்தாள். காய்ந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"நான் ஒண்ணும் ஜெயிக்கணும்னு கேக்கலட்டி. ஒரே ஒரு தடவ, நடுவுல எங்கயும் உக்காராம கெபி வரைக்கும் போய்ச் சேரணும். இந்த வருசமும் உக்காந்துட்டேன்னா இத உங்க சித்தி மவளுக்குக் குடுத்துருதேன். அவளுக்கும் இதே அளவுதான்."

சித்தி மகள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

என்னிடம் ஒரு வேலை உண்டு. யார் குரலையும் நான் அப்படியே எடுத்துப் பேசுவேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டு, பள்ளிக்கூடமே காலியாகி, கடைசியில் சிஸ்டரும் நாம்தான் விட்டோமோ என்று சந்தேகப்பட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். சாமியார், கண்டக்டர், மீன்காரி, போனில் பேசும்போது மட்டும் அம்மாவுக்கு வருகிற அந்தத் தேன் குரல், எல்லாம் எனக்கு வரும். வாட்ச் வராதா? மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம், மனசால் கொஞ்சமும் இல்லாமல். அதுவும் மாமாவின் வேகத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டு, ஒரு சொல்லிலும் இரைப்பு கேட்காமல், மெஷின் போலவே பேச இந்த ஊரில் அப்போது என்னை விட்டால் ஆள் கிடையாது.

முதல் நாள் மாமாவுக்கு இரண்டடி பின்னால் ஓடினேன். மருமகள் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறாள் என்று அவருக்குப் பெருமை. வாட்ச் தன் பாட்டைச் சொல்லி முடித்ததும் நான் சேர்த்துச் சொன்னேன்.

"இப்போது தண்ணீர் அருந்தவும்."

மாமா நின்றார், அருந்தினார். அந்த நேரத்துக்கு எங்கோ பின்னால் அம்மாவுக்கு ஒரு மூச்சு குறைந்திருக்கும். மறுநாள், எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லவும் என்றேன். எதிரே வந்தது பத்து வருஷமாக அவர் பேசாத இன்னொரு டைல்ஸ் கடைக்காரர். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், அந்த மனிதர் பயந்து சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார், பிறகு இரண்டு பேரும் ஜிஎஸ்டியைத் திட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போனார்கள். அதற்கு அடுத்த நாள், நின்று கடலைப் பார்க்கவும், எப்படி இருந்தது என்று ஒருவரிடம் சொல்லவும் என்றேன். மாமா இத்தனை வருஷம் அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடியவர். நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாட்ஸப்பில் அன்றைக்கு வேகம் தூரம் ஒன்றும் போடாமல், 'கடல் இன்று ஒருமாதிரி இருந்தது' என்று மட்டும் போட்டார். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் அத்தைக்குப் போன் பண்ணினார்கள்.

எனக்குத் தைரியம் கூடியது. ஒருநாள் பாலத்துக்கு முன்னால், 'நண்டு போல் பக்கவாட்டில் ஓடவும்' என்றேன்.

மாமா ஓடினார். கடலைப் பார்த்து நின்று, முட்டியை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, சரக் சரக்கென்று பக்கவாட்டில் பாலம் முழுக்க ஓடினார். வாட்ச் சொல்லி மாமா ஓடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களுக்கும் தோன்றியது. அடுத்த நாள் விடியும்போது பாலத்தின் மேல் குழு முழுவதும் நண்டாக நின்றது. பாரூக் அண்ணாச்சி நண்டு, சொர்ணம் டீச்சர் சேலையை இழுத்துச் செருகிய நண்டு, பாங்குக்காரர் கண்ணாடி போட்ட நண்டு, கிடாய் மட்டும் நேராக ஓடி எல்லாரையும் முந்தியது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்று பார்த்தன. யாருக்குமே அன்றைக்கு யார் முதல் என்று கேட்கத் தோன்றவில்லை, எனக்குத் தெரிந்து பாலத்தில் அத்தனை சத்தம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இங்கேயும் சிரிக்காதீர்கள், இன்னும் கொஞ்சம்தான்.

எல்லாம் சரி, ஆனால் மாமாவை நிறுத்தி நிறுத்தி வைப்பதால் அம்மாவுக்குக் கிடைத்தது இடைவேளைதான், விடுதலை இல்லை. மாமாவே வந்து கேட்டு வாங்கினால்தான் அது இறங்கும். அதை மாமாவின் வாயிலிருந்து வரவைக்க வேண்டும், அதுவும் அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் அவர் நிற்கும்போது.

ஆண்டு ஓட்டத்தன்று கொடியசைத்ததும் மாமா வில்லிலிருந்து விட்டதுபோலப் போனார். ஆரம்பத்திலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு அங்கேயே தப்பியது. கூட்டத்தின் சத்தத்தில் நான் சொன்ன 'நிற்கவும்' அவருக்குக் கேட்கவில்லை. பின்னாலேயே விரட்டிக்கொண்டு ஓடினேன். பாலம் தாண்டி, ஐஸ் பேக்டரி தாண்டி, கெபியின் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்துவிட்டது, மாமாவுக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் நின்ற இசக்கி மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, அம்மா உப்பளத்துக் கல்லுகிட்ட குனிஞ்சுட்டாவ, இன்னும் உக்காரல, ஆனா உக்காந்துருவாவ போல என்று சொன்னார்.

மாமா வேகமாக ஓட ஓட அங்கே அம்மாவுக்கு முட்டி மடிகிறது. நான் வாட்சானேன்.

"திரும்பவும். கடைசியில் வருபவரை நோக்கிச் செல்லவும்."

மாமா ஓடிக்கொண்டே மணிக்கட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஜெயிக்கப் போற நேரத்துலயா?"

"ஆம்," என்றது வாட்ச். "இது மேம்பட்ட பயிற்சி."

மேம்பட்ட என்கிற சொல்லுக்கு மாமா மயங்காத நாள் கிடையாது. கெபியை ஒருதரம் பார்த்தார், அழுதுவிடுவார் போல இருந்தது, ஆனாலும் திரும்பினார். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பாரூக் அண்ணாச்சி, முதலில் போனவர் எதிரே வருவதைப் பார்த்து, பாதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று தானும் திரும்பினார், கிடாய் திரும்பியது, டீச்சர் திரும்பினார், பின்னால் வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்தவரைப் பார்த்துத் திரும்ப, உப்புக்காற்று ஓட்டக் குழு மொத்தமும் கெபிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போட்டி போட்டுக்கொண்டு, என் அம்மாவை நோக்கி ஓடியது.

அம்மா கிலோமீட்டர் கல்லில் ஒரு கையை ஊன்றி வளைந்து நின்றுகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கல்லில் உட்கார ஒரு சாண்தான் இருந்தது. எதிரே ஊரே திரண்டு வருவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று கண்ணை விரித்தாள், அப்போதும் உட்காரவில்லை.

"நிற்கவும்," என்றேன். மாமா நின்றார். "ஓரடி முன்னால் செல்லவும்." சென்றார். "எதிரில் இருப்பவரிடம் பின்வருமாறு சொல்லவும்." மாமா தொண்டையைக் கனைத்தார். நான் குரலை ஒரு இழைகூடப் பிசகாமல் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னேன்.

"என் மூச்சை நான் வாங்கிக்கொள்கிறேன்."

சொல்லி முடித்த கணத்தில் என் நெஞ்சில் யாரோ முட்டியதுபோல இருந்தது. ஒரு மூட்டையை அப்படியே தூக்கி உள்ளே போட்டதுபோல இருந்தது. நான் அம்மாவிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள், பாதி நிமிர்ந்திருந்தாள், துணி மடிக்கும்போது இறுக்கி வைத்திருந்தாளே, அந்த வாய் இப்போது திறந்திருந்தது. சுறாவுமில்லை ஒன்றுமில்லை. இத்தனை நாளும் நான் ஓடிய ஓட்டமெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்க நிற்கிற பிள்ளை ஜெபம் ஒப்பிப்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு தங்கச்சியிடம் சொன்னார். "என் மூச்சை நான் வாங்கிக்கிறேன்."

அம்மா முழுக்க நிமிர்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். தன் சொந்த மூச்சை, தன்னுடையதை மட்டும், ஒன்று இழுத்தாள், ஒன்று விட்டாள். என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஓடினாள். எதிரே நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, அதற்கு நடுவில் பின்னல் அவிழ, கொக்குகள் கிளம்ப, கெபியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒருத்தருமில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. உப்பைப் பார்த்துக்கொண்டு போனாள்.

மாமாவுக்கு வந்தது. கச்சான் அடித்த நாளிலிருந்து ஓடிய அத்தனை ஓட்டத்தின் மூச்சும் மடை உடைத்துக்கொண்டு வந்தது. கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, வாய் பிளந்து, தோள் குலுங்க, சாமியார் நரகத்தைச் சொன்னதுபோல இரைத்தார். அந்த இரைப்புக்கு நடுவிலும் மணிக்கட்டை உயர்த்தி, அடுத்து என்ன என்று வாட்சின் முகத்தையே பார்த்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு குரலை எடுத்துவிட்டு முடிக்காமல் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம் என்று பழையபடி ஆரம்பித்தேன்.

"நன்... ஹா... றி. பயிற்சி... ஹா... ஹா... நிறை... ஹா... வடைந்..."

பாரூக் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். டீச்சர் உப்பளத்தின் பக்கம் திரும்பி நின்றார், முதுகு மட்டும் குலுங்கியது.

மாமா வாட்சைப் பார்த்தார். அதற்கு மூச்சு வாங்குகிறதே என்று நிஜமாகவே இரக்கப்பட்டு, விரலால் அதைத் தடவிக் கொடுத்தார். காதில் வைத்துப் பார்த்தார். வாட்ச் அமைதியாக இருந்தது. ஆனாலும் இரைப்பு கேட்டது. வாட்சைக் காதிலிருந்து எடுத்தார், கேட்டது. மறுபடி வைத்தார், பின்னாலிருந்து கேட்டது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது, தண்ணீர், வணக்கம், கடல், பாலம் முழுக்கப் பக்கவாட்டில் ஓடிய நண்டு. மிக மெதுவாகத் திரும்பினார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவரும் இரைத்தார், நானும் இரைத்தேன்.

"ஏட்டி," என்றார் மாமா, "வாட்சுக்கு... ஏதுட்டி... மூச்சு?"